ரைஃபிளைப் பார்க்கும் முன் விசாவைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் எங்காவது துப்பாக்கிச் சூடு நடந்தால் மறுநாள் நம் தமிழ்ப் பத்திரிகைகளில் இரண்டு செய்திகள் தவறாமல் வந்துவிடும். கொலையாளி இயந்திரத் துப்பாக்கியால் சுட்டான் என்பது ஒன்று. அந்த நாட்டில் கத்தரிக்காய் வாங்குவதுபோல் யார் வேண்டுமானாலும் துப்பாக்கி வாங்கலாம் என்பது மற்றொன்று. இரண்டும் பிழை. முதல் பிழையால் பெரிய நஷ்டம் யாருக்கும் இல்லை. இரண்டாவதை நம்பி, எச்-1பி விசாவில் இருக்கும் நம் பிள்ளைகள் சனிக்கிழமை பொழுதுபோக்காகச் சுடுதளத்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அதில் வரும் வம்பு கிரீன் கார்டு வரை போகும். தமிழர்கள் அதிகம் வாழும் மாநிலங்களில் ஒன்றும், துப்பாக்கிச் சட்டம் மிகக் கடுமையாக இருக்கும் மாநிலங்களில் ஒன்றும் கலிபோர்னியாதான். அங்கே அரைத் தானியங்கி ரைஃபிள் ஒன்றைச் சட்டப்படி வைத்திருப்பது எப்படி நடக்கிறது, எங்கே சறுக்குகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இடமிருந்தால் வெட்டாமல் போடுங்கள்.

முதலில் சொல். அரைத் தானியங்கி என்றால் விசையை ஒருமுறை இழுத்தால் ஒரே ஒரு தோட்டா. அடுத்த தோட்டா தானாக அறைக்குள் ஏறிக்கொள்ளும். அதைச் சுட விசையை விட்டு மறுபடி இழுக்க வேண்டும். விசையை அழுத்திப் பிடித்தால் பொழிந்துகொண்டே இருப்பதுதான் இயந்திரத் துப்பாக்கி. அதற்கு 1934 முதல் ஃபெடரல், அதாவது மத்திய அரசுப் பதிவு உண்டு. 1986 மே மாதத்துக்குப் பிறகு பதிவானதைப் பொதுமக்கள் வாங்கவே முடியாது. கலிபோர்னியாவில் பழையதுகூடச் சாதாரண ஆளுக்குக் கிடைக்காது. அரைத் தானியங்கி ரைஃபிள்களில் பிரபலமான ஏஆர்-15 என்பதில் உள்ள 'ஏஆர்', ஆர்மலைட் என்ற கம்பெனியின் பெயரிலிருந்து வந்தது. 'அசால்ட் ரைஃபிள்' என்பதன் சுருக்கம் அல்ல.

இனி விசா. துப்பாக்கிக் கடையின் கதவு திறப்பதற்கு முன்பே இந்தக் கதவு இருக்கிறது. அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 18ஆம் தலைப்பு, 922ஆம் பிரிவு, குடியேறாத விசாவில் உள்ள எவரும் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்கிறது. எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1, சுற்றுலா விசா எல்லாம் இதற்குள் அடக்கம். மீறினால் 15 ஆண்டு வரை சிறை. 'வைத்திருப்பது' என்றால் சொந்தமாக வாங்குவது மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். சுடுதளத்தில் வாடகைக்கு எடுத்துப் பத்து நிமிடம் கையில் பிடிப்பதும் அதில் சேரும். ஒரே ஒரு தோட்டா பையில் இருந்தாலும் சேரும். கவுண்டரில் இருக்கும் பையனுக்கு இது தெரியாமல் இருக்கலாம். ஓட்டுநர் உரிமத்தைப் பார்த்துவிட்டுத் துப்பாக்கியை நீட்டிவிடுவான். அவனுக்குத் தெரியாதது உங்களுக்குச் சாக்காகாது.

இதற்கு உள்ள விலக்குகளில் நம்மவர்களுக்குப் பயன்படக்கூடியது ஒன்றுதான்: ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம். கலிபோர்னியாவில் அதைப் பெற முதலில் வேட்டையாளர் பாதுகாப்பு வகுப்பை முடித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். அது இருந்தால் விசாவில் உள்ளவரும் சட்டப்படி சுடலாம், வாங்கலாம். உரிமம் காலாவதியான அன்றே அந்த விலக்கும் காலாவதி. கிரீன் கார்டு கைக்கு வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை. கிரீன் கார்டுக்கான ஐ-485 விண்ணப்பம் போட்டாயிற்று, வேலை அனுமதி அட்டையான ஈஏடி வந்துவிட்டது என்பதையெல்லாம் கணக்கில் சேர்க்காமல், கார்டு கையில் விழும்வரை பொறுப்பதே நல்லது.

கணவன் எச்-1பி, மனைவிக்குக் கிரீன் கார்டு இருக்கிறது, அவள் பெயரில் வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை நம்மவர்களிடம் அடிக்கடி வருகிறது. கடையில் நிரப்பும் 4473 என்ற படிவத்தில், உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா என்று ஒரு கேள்வி இருக்கும். கணவனுக்காக வாங்கிக்கொண்டு 'ஆம்' என்று எழுதினால் அது பினாமிக் கொள்முதல். 2022ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு அதற்கும் 15 ஆண்டு வரை சிறை. மனைவி தனக்கென்றே வாங்கினால் தவறில்லை. அப்போதும் துப்பாக்கியைப் பூட்டி வைக்கும் சேஃபின் எண்ணோ சாவியோ கணவனிடம் இருக்கக் கூடாது. எடுக்க முடிகிற நிலையில் இருப்பதையே வைத்திருப்பது என்று அரசு வழக்கறிஞர் வாதாடுவார். துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெறுவது நாடு கடத்துவதற்குத் தனிக் காரணம் என்று குடியேற்றச் சட்டமே சொல்கிறது. கிரீன் கார்டு இருப்பவரையும் அது விடாது. குடிமகனுக்கு அபராதத்தோடு முடிகிற விஷயம் நம்மவருக்கு விமான டிக்கெட்டில் முடியலாம்.

அதே படிவத்தில் கஞ்சா பற்றியும் ஒரு கேள்வி உண்டு. கலிபோர்னியாவில் கஞ்சா கடையில் வெளிப்படையாக விற்கிறது. ஃபெடரல் சட்டத்தில் அது இன்னும் குற்றம். மாநிலம் அனுமதித்தாலும் செல்லாது என்று படிவத்திலேயே எச்சரிக்கை அச்சிட்டிருக்கிறார்கள். படிக்காமல் டிக் அடிப்பவர்கள்தான் மாட்டுகிறார்கள்.

விசா தடையைத் தாண்டியவருக்கு அடுத்து வருவது மாநிலச் சட்டம். 1989 ஜனவரியில் ஸ்டாக்டன் நகரத் தொடக்கப் பள்ளி ஒன்றில் ஒருவன் ஏகே வகை அரைத் தானியங்கியால் சுட்டு ஐந்து குழந்தைகளைக் கொன்றான். அனைவரும் கம்போடியா, வியட்நாமிலிருந்து வந்த அகதிக் குடும்பத்துப் பிள்ளைகள். அந்த ஆண்டே ராபர்ட்டி-ரூஸ் சட்டம் வந்தது. அது முதலில் பெயர்ப் பட்டியல் போட்டுத் தடை செய்தது. கம்பெனிகள் பெயரை மாற்றி அதே துப்பாக்கியை விற்றன. 2000 ஜனவரி 1 முதல் பெயரை விட்டு உறுப்புகளைப் பார்க்கும் முறை வந்தது. அதிலும் சந்து கண்டுபிடித்தார்கள்: தோட்டாக்களை அடுக்கும் பெட்டியான மேகசினைக் கழற்ற விரலுக்குப் பதில் தோட்டா முனையால் குத்த வேண்டிய ஒரு பொத்தான். 2016இல் நிறைவேறிய சட்டம் 2017 முதல் அதையும் அடைத்தது. பட்டியலும் உறுப்பு விதியும் இன்றும் சேர்ந்தே இருக்கின்றன என்பதை மறக்க வேண்டாம். எல்லா உறுப்பையும் சரிசெய்த துப்பாக்கியும் பட்டியலில் பெயர் இருந்தால் தடைதான். கழற்றும் மேகசின் கொண்ட எஸ்கேஎஸ் என்ற ரைஃபிள் பட்டியலில் இருக்கிறது. கழற்ற முடியாத பத்துத் தோட்டா நிலைமேகசினோடு வந்த பழைய எஸ்கேஎஸ் தடைக்குள் வராது.

உறுப்பு விதி கலிபோர்னியா தண்டனைச் சட்டத்தின் 30515ஆம் பிரிவில் இருக்கிறது. ரைஃபிளைப் பொறுத்தவரை சாரம் இவ்வளவுதான். அடிப்பாகத்தின் மையத்தில் அடிபட்டு வெடிக்கும் 'சென்டர்ஃபயர்' தோட்டாவைச் சுடும் அரைத் தானியங்கி ரைஃபிள். அதன் மேகசின் நிலையானதாக இல்லை. அப்படியானால் அதில் பிஸ்டல் கிரிப், கட்டைவிரல் நுழையும் துளையுள்ள கட்டை (தோளில் பதியும் பின்பகுதி), மடக்கும் அல்லது நீட்டிச் சுருக்கும் கட்டை, முன்புறக் கைப்பிடி, தீச்சுடரைக் குறைக்கும் ஃபிளாஷ் சப்ரஸர், கையெறி குண்டோ ஒளிக்குண்டோ ஏவும் கருவி ஆகியவற்றில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஒன்று இருந்தாலே அது 'அசால்ட் வெப்பன்', அதாவது தடை செய்யப்பட்ட ஆயுதம். மேகசின் நிலையானது என்றால் இவையெல்லாம் இருக்கலாம். கொள்ளளவு மட்டும் 10ஐத் தாண்டக் கூடாது. எப்படி இருந்தாலும் மொத்த நீளம் 30 அங்குலத்துக்குக் குறையக் கூடாது.

இதில் வழிகள் இரண்டு பிரிகின்றன. உறுப்பில்லா வழியை 'ஃபீச்சர்லெஸ்' என்கிறார்கள். மேகசின் வழக்கம்போல் பொத்தானை அழுத்தினால் விழும். மற்ற உறுப்புகள் எல்லாம் போய்விட வேண்டும். இதில் தகராறுக்கு இடம் தருவது கைப்பிடி. எது பிஸ்டல் கிரிப் என்பதற்கு மாநில நீதித் துறை விதியில் அளவே உண்டு: சுடும்போது, விசைக் கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே உள்ள அந்தத் தோல் மடிப்பு, வெளியே தெரியும் விசையின் மேல் நுனிக்குக் கீழே போக முடியுமானால் அது பிஸ்டல் கிரிப். அதனால்தான் கலிபோர்னியா ஏஆர்களின் கைப்பிடிக்குப் பின்னால் மீன் துடுப்புபோல் ஒரு தகடு நிற்கும். கட்டைவிரல் சுற்றிப் பிடிக்க அது விடாது. வலக்கைக்காரரின் கட்டைவிரல் வலப்பக்கமே நின்றுவிடுவதால் விசையைப் பூட்டும் சேஃப்டி இடப்பக்கம் இருக்க, அதை எட்டாது. இருபுறமும் இயங்கும் சேஃப்டியைக் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் சேஃப்டி போடச் சோம்பல் வரும்; அதுதான் உண்மையான ஆபத்து.

இந்தத் துடுப்புக் கைப்பிடி ஒரே ஒரு ஸ்க்ரூவில் நிற்கிறது. நூறு, இருநூறு ரவுண்டு சுட்டபின் ஆட ஆரம்பிக்கும். கழன்று விழுந்து, பையில் இருக்கும் பழைய கைப்பிடியை 'இன்றைக்கு மட்டும்' மாட்டினால் கதை முடிந்தது. சட்டத்தின் பார்வையில் நீங்கள் அசால்ட் வெப்பன் ஒன்றைத் தயாரித்தவர். வைத்திருந்த குற்றத்துக்கு 30605ஆம் பிரிவில் கொஞ்சம் இரக்கம் உண்டு. தயாரித்தல், மாநிலத்துக்குள் கொண்டுவருதல் இரண்டும் 30600இல் வருகின்றன. அதில் 4, 6 அல்லது 8 ஆண்டு. வாங்கும்போதே ஸ்க்ரூ கழலாமல் பிடிக்கும் பசை ஒரு சொட்டு போடச் சொல்லுங்கள். கழற்றிய பழைய உறுப்புகளைத் துப்பாக்கி இருக்கும் அதே பெட்டியில் வைத்துக்கொள்வது வீண் வம்பு, விற்றுவிடுங்கள்.

குழல் நுனியும் பலரை ஏமாற்றும். ஏஆர்-15இல் வழக்கமாக வரும் பறவைக்கூண்டு வடிவ நுனி ஃபிளாஷ் சப்ரஸர், அது ஆகாது. உதைப்பைக் குறைக்கும் மசில் பிரேக் ஆகும். இரண்டும் கலந்த நுனிகள் சந்தையில் ஏராளம். பெட்டியில் 'காம்பென்சேட்டர்' என்று போட்டிருப்பது போதாது. சுடுபவர் கண்ணிலிருந்து தீச்சுடரைக் குறைக்கவோ திசை திருப்பவோ வடிவமைத்திருந்தாலும், வடிவமைக்காமல் அப்படி வேலை செய்தாலும் அது சப்ரஸர்தான். கம்பெனியின் விளம்பரத்திலேயே சுடரைக் குறைக்கும் என்று ஒரு வரி இருந்தால் அந்தப் பொருளைத் தொடாதீர்கள். மசில் பிரேக்கின் சத்தம் பக்கத்து மேடைக்காரரின் காதைப் பிளக்கும். குழல் நுனியின் மரையை மூடும் வெறும் மூடி போதும் என்பது என் எண்ணம். சூட்டில் அதுவும் தளரும். ஒவ்வொரு மேகசினுக்கும் இடையே கையால் தொட்டுப் பார்க்காமல், ஆறியபின் முறுக்கிப் பாருங்கள்.

நீட்டிச் சுருக்கும் கட்டைக்குப் பதில் அசையாத கட்டை வேண்டும், அல்லது உள்ள கட்டையை ஒரே நீளத்தில் ஊசியடித்து நிறுத்த வேண்டும். உயரம் குறைந்தவர்கள் குட்டையான நீளத்தில் நிறுத்தச் சொல்வார்கள். அப்போது மொத்த நீளத்தை அளந்துகொள்ள வேண்டும். குழலுக்கு இணையாக அளவு நாடாவைப் பிடிக்க வேண்டும். நிரந்தரமாக ஒட்டாத நுனிக் கருவியைக் கழற்றிவிட்டுத்தான் அளக்க வேண்டும். 16 அங்குலக் குழலும் சாதாரணக் கட்டையும் இருந்தால் 30ஐச் சுலபமாகத் தாண்டும். வம்பு வருவது மடக்குக் கட்டையில். நிலைமேகசின் வழியில் மடக்குக் கட்டை அனுமதி என்றாலும், மடக்கிய நிலையிலேயே சுட முடிந்தால் மடக்கிய நீளம்தான் கணக்கு.

அந்த நிலைமேகசின் வழியில் தோற்றம் அப்படியே இருக்கும். பொத்தானை அழுத்தினால் மட்டும் மேகசின் விழாது. துப்பாக்கியின் இயங்கு பகுதியைப் பிரித்தால்தான் கழல வேண்டும் என்பது சட்டம். ஏஆரில் பின்ஊசியை இழுத்து மேல்பாகத்தைச் சற்றே கீழ்பாகத்திலிருந்து திறந்தபின்தான் பூட்டு விடும். பார்வைக்கு இது வசதி. இதில் உள்ள கோளாறைக் கடைக்காரர்கள் சொல்வதில்லை. இரண்டு தோட்டா ஒன்றாக ஏறிச் சிக்கிக்கொண்டால் தோட்டாவை அறைக்குள் தள்ளும் போல்ட் பாதி வழியில் பின்னால் நின்றுவிடும். அதன் வால் பின்கட்டைக் குழாய்க்குள் நீட்டிக்கொண்டிருக்கும்வரை மேல்பாகம் மடங்காது. மேல்பாகம் மடங்காவிட்டால் மேகசின் வராது. மேகசின் வராவிட்டால் சிக்கலை எடுக்க முடியாது. உள்ளே உயிர்த் தோட்டாவோடு ஒரு முட்டுச் சந்து. குழலை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு, விரலை விசைக்கு வெளியே எடுத்து, கையை உயர்த்திச் சுடுதள அதிகாரியைக் கூப்பிடுங்கள். கட்டையைத் தரையில் ஓங்கிக் குத்துவதை யூடியூபில் பார்த்துவிட்டு முதல்முறையாக நீங்களே செய்யாதீர்கள். புதிதாக வாங்குபவருக்கு உறுப்பில்லா வழியே பாதுகாப்பானது என்று நான் சொல்வது இதனால்தான். அழகு குறைவு, சிக்கினால் கழற்றலாம்.

இந்த மல்லுக்கட்டே வேண்டாம் என்பவர்களுக்கு வேறு ரைஃபிள்கள் இருக்கின்றன. மரக்கட்டை போட்ட ரூகர் மினி-14 ராஞ்ச் ரைஃபிள், ஏஆர்-15 சுடும் அதே .223 தோட்டாவைச் சுடும்; அதே பத்துத் தோட்டா மேகசின்; மாற்றம் எதுவும் வேண்டாம். சட்டம் குண்டின் வேகத்தைப் பார்க்கவில்லை, கையின் கோணத்தைப் பார்க்கிறது என்று விமர்சகர்கள் கேலி செய்வதில் கொஞ்சம் நியாயம் உண்டு. எட்டுத் தோட்டா கொண்ட கிளிப்பை மேலிருந்து அழுத்தி நிரப்பும் எம்1 கேரண்ட் ரைஃபிளும் சரி. ரூகர் 10/22 போன்ற, மையத்தில் அல்லாமல் விளிம்பில் அடிபட்டு வெடிக்கும் .22 ரிம்ஃபயர் தோட்டாவைச் சுடும் ரைஃபிளுக்கு மேலே சொன்ன உறுப்பு விதியே கிடையாது. ஆனால் கழற்றும் மேகசினுக்குப் பத்து என்ற வரம்பு அதற்கும் உண்டு. பக்கத்து நெவாடாவில் அலமாரியில் தொங்கும் 25 தோட்டா .22 மேகசினை வாங்கிக்கொண்டு வருவது நம்மவர்கள் அடிக்கடி செய்யும் பிழை.

வாங்கும் படிகள் சுருக்கமாக. வயது 21 நிறைந்திருக்க வேண்டும். முதலில் துப்பாக்கிப் பாதுகாப்புச் சான்றிதழ்: கடையிலேயே 30 கேள்வி, 23 சரியாக இருந்தால் தேர்ச்சி, கட்டணம் 25 டாலர், ஐந்தாண்டு செல்லும். தோற்றால் 24 மணி நேரம் கழித்து அதே பயிற்றுநரிடம் வேறு வினாத்தாளில் மறுபடி எழுதலாம். பிறகு 4473, மாநிலத்துக்கான விற்பனைப் பதிவு, கட்டைவிரல் ரேகை. கிரீன் கார்டுக்காரர்கள் கார்டில் உள்ள ஏ-எண்ணைத் தர வேண்டும். ஓட்டுநர் உரிமத்தின் மூலையில் 'ஃபெடரல் வரம்புக்குட்பட்டது' என்று அச்சிட்டிருந்தால் சட்டப்படி நாட்டில் இருப்பதற்கான வேறு சான்றும் கேட்பார்கள். ஃபெடரல் தரத்திலான ரியல் ஐடி உரிமம் இருந்தால் வேலை சுலபம். பூட்டுக் கருவி வாங்க வேண்டும், அல்லது தகுதியான சேஃப் இருக்கிறது என்று உறுதிமொழி தர வேண்டும். மாநிலக் கட்டணம் 37.19 டாலர். 2024 ஜூலை 1 முதல் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீதக் கலால் வரி கடைக்காரர் மீது விழுகிறது. அவர் அதை உங்கள் பில்லில் ஏற்றுவார். 1,000 டாலர் ரைஃபிள் என்றால் அதற்கே 110. மேலே ஊருக்கு ஊர் மாறும் விற்பனை வரி.

பத்து நாள் காத்திருப்பு என்பது பத்து முழு 24 மணி நேரம். சனிக்கிழமை மாலை 3 மணிக்குப் பதிவானால் அடுத்த வாரத்துக்கும் அடுத்த செவ்வாய் மாலை 3 மணிக்கு முன் தர மாட்டார்கள். 30 நாளுக்குள் எடுக்காவிட்டால் பதிவு ரத்து, பணம் மறுபடி. ஊருக்குப் போகும் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். எடுக்கும்போது கடைக்காரர் முன்னால், துப்பாக்கி காலி என்று காட்டி, பளிச்சென்ற நிறத்தில் உள்ள போலித் தோட்டா ஒன்றை ஏற்றி இறக்கி, பூட்டைப் போட்டுக் காட்ட வேண்டும். தனி ஆளிடமிருந்து வாங்கினாலும் இருவரும் கடைக்கு வந்துதான் ஆக வேண்டும். அதற்குக் கடைக்காரர் துப்பாக்கி ஒன்றுக்கு 10 டாலர் வரை கூடுதலாகக் கேட்கலாம்.

தோட்டா வாங்கும்போதுதான் நம்மவர்களுக்கென்றே ஒரு தொல்லை. 2019 ஜூலை 1 முதல் ஒவ்வொரு கொள்முதலுக்கும் பின்னணிச் சோதனை உண்டு. உங்கள் பெயரில் ஏற்கெனவே பதிவான துப்பாக்கியின் விவரமும் இன்றைய ஓட்டுநர் உரிமத்தின் விவரமும் ஒத்துப்போகிறதா என்று கணினி பார்க்கும். வீடு மாறியவர்களுக்கு முகவரி ஒத்துப்போகாது. தமிழருக்கோ பெயரே ஒத்துப்போகாது. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர், முதல் உரிமத்தில் அப்பா பெயர் கடைசிப் பெயர், குடியுரிமை வாங்கும்போது முதலெழுத்தை விரித்து எழுதியது என்று மூன்று வடிவம் இருக்கும். சோதனை நிராகரித்துவிடும், கடையில் நிற்பவர் தன்மேல் ஏதோ வழக்கு இருப்பதாகப் பயந்துபோவார். வழக்கு எதுவும் இல்லை. மாநில நீதித் துறையின் இணையப் பக்கத்தில் பதிவு விவரத்தைத் திருத்த விண்ணப்பித்தால் போதும். பெயர் மாற்றிய வாரமே இதைச் செய்துவிடுங்கள். நெவாடாவின் ரீனோ நகருக்குக் கார் ஓட்டிக்கொண்டு போய்த் தோட்டாவை மலிவாக வாங்கி வருவது 2018 முதல் குற்றம். சுடுதளத்திலேயே வாங்கி அங்கேயே சுட்டுத் தீர்க்கும் தோட்டாவுக்குச் சோதனை கிடையாது. பல சுடுதளங்களில் வாசலில் காந்தம் வைத்திருப்பார்கள். எஃகு கலந்த குண்டு ஒட்டினால் உள்ளே விட மாட்டார்கள். வேட்டைக்கு என்றால் 2019 ஜூலை முதல் ஈயமில்லாத குண்டு மட்டும்தான்.

டெக்சாஸிலிருந்து வேலை மாறி சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதிக்கு வருபவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. டாலஸில் சட்டப்படி வாங்கிய ஏஆர், நீட்டிச் சுருக்கும் கட்டையோடும் 30 தோட்டா மேகசினோடும் அரிசோனா எல்லையைத் தாண்டிக் கலிபோர்னியாவுக்குள் நுழைந்த கணத்தில் 'கொண்டுவருதல்' குற்றம் நிறைவேறிவிடுகிறது. மூட்டை பிரித்தபின் மாற்றிக்கொள்ளலாம் என்பது செல்லாது. கிளம்பும் முன்பே உறுப்பை மாற்றுங்கள், பெரிய மேகசினை அங்கேயே விற்றுவிடுங்கள், பெயர்ப் பட்டியலைப் பாருங்கள். வந்தபின் 60 நாளுக்குள் புதுக் குடியிருப்பாளர் அறிக்கையை 19 டாலரோடு அனுப்ப வேண்டும்.

வீட்டில் வைப்பதிலும் விதி இறுகிவிட்டது. 2026 ஜனவரி 1 முதல், கையிலோ பக்கத்திலோ இல்லாத துப்பாக்கி, மாநில அங்கீகாரப் பட்டியலில் உள்ள பூட்டிய பெட்டியிலோ சேஃபிலோ இருந்தாக வேண்டும். வீட்டில் பிள்ளை இருக்கிறதா இல்லையா என்பது பேச்சே இல்லை. படுக்கைக்கு அடியிலும் துணி அலமாரிக்கு மேலும் வைக்கும் பழக்கம் இனி ஆகாது. காரில் தோட்டா இல்லாமல் கொண்டுபோக வேண்டும். பள்ளிக்கு 1,000 அடிக்குள் பூட்டிய பெட்டி கட்டாயம். நகரத்துக்குள் பள்ளியைத் தாண்டாத சாலை ஏது, எப்போதும் பூட்டியே கொண்டுபோங்கள்.

பத்திரிகைகளிடம் ஒரு வேண்டுகோள். 2021 ஜூன் 4 அன்று சான் டியேகோ ஃபெடரல் நீதிபதி ரோஜர் பெனிட்டஸ் கலிபோர்னியாவின் அசால்ட் வெப்பன் தடை அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தார். 2023 அக்டோபரில் மறுபடியும் அதையே சொன்னார். இரண்டு முறையும் 'தடை நீங்கியது' என்று தலைப்புகள் வந்தன. இரண்டு முறையும் மேல்நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. ஒரு நாள்கூட விதி மாறவில்லை. பத்துத் தோட்டா மேகசின் வரம்பை எதிர்த்த வழக்கில் மட்டும், 2019 மார்ச் 29 முதல் ஏப்ரல் 5 வரை ஒரே ஒரு வாரம் பெரிய மேகசின் விற்பனை உண்மையாகவே திறந்தது. 2025 மார்ச் 20 அன்று ஒன்பதாம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் விரிந்த அமர்வு அந்த வரம்பு செல்லும் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பைப் போடும்போது, அது நடைமுறைக்கு வந்ததா, நிறுத்தி வைக்கப்பட்டதா என்ற ஒரு வரியையும் சேர்த்துப் போடுங்கள். தலைப்பை மட்டும் படித்துவிட்டுக் கைப்பிடியை மாற்றுபவர்கள் இருக்கிறார்கள்.

கடைசியாக வாரிசு விஷயம். உறுப்பில்லா ரைஃபிளை அப்பாவிடமிருந்து மகளோ மகனோ பெறுவது எளிது: பாதுகாப்புச் சான்றிதழ், குடும்பத்துக்குள் மாற்றும் படிவம், 19 டாலர், 30 நாள். ஆனால் புதுத் தடைக்கு முன்பே வாங்கிய ரைஃபிளை 2018 ஜூன் 30 கெடுவுக்குள் அசால்ட் வெப்பனாகவே பதிவு செய்து வைத்திருப்பவர்கள் நம்மவரிலும் இருக்கலாம். அந்தப் பதிவு ஆளோடு போய்விடும், பிள்ளைக்குத் தாண்டாது. உரியவர் இறந்த 90 நாளுக்குள் வாரிசு அதைச் செயலிழக்கச் செய்ய வேண்டும், உரிமம் பெற்ற வியாபாரியிடம் விற்க வேண்டும், தனி அனுமதி வாங்க வேண்டும் அல்லது மாநிலத்துக்கு வெளியே அனுப்ப வேண்டும். காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பும்போதே முப்பது நாள் போயிருக்கும். பதிவுக் கடிதம் எங்கே இருக்கிறது, சேஃபின் எண் என்ன என்பதை உயிலோடு சேர்த்து எழுதி, கிரீன் கார்டோ குடியுரிமையோ உள்ள ஒருவரிடம் மட்டும் கொடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்றுநர் ஒருவர்,
ஃபிரீமாண்ட், கலிபோர்னியா